போலீஸ் ஸ்டோரியா, யெஸ் மேடமா, ரஷ் ஹவரா: வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க எது?

கோடை விடுமுறைக்கு அக்காவும் அவருடைய பிள்ளைகள் இருவரும் வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு படம் பார்ப்பது என்று முடிவாயிற்று. சண்டை அசலாக இருக்க வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். வெறும் அடிதடியாக இல்லாமல் சிரிக்கவும் வேண்டும் என்றார் அக்கா. ஆங்கில சப்டைட்டிலை ஓடும் வேகத்துக்குப் படிக்க முடியாத 71 வயது அப்பாவும் எங்களோடு அமர்வார் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத மூன்றாவது நிபந்தனை. படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததால், தற்காப்புக் கலை தெரிந்த காவல்துறையினரை வைத்து எடுக்கப்பட்ட நகைச்சுவைப் படங்களில் மூன்றை அதற்கு முந்தைய வாரம் தனியே அமர்ந்து மீண்டும் பார்த்தேன். ஜாக்கி சான் இயக்கி நடித்த 'போலீஸ் ஸ்டோரி' (1985), கோரி யுயென் இயக்கத்தில் மிஷெல் யோவும் சிந்தியா ரோத்ராக்கும் நடித்த 'யெஸ், மேடம்!' (1985), பிரெட் ராட்னர் இயக்கத்தில் ஜாக்கி சானும் கிறிஸ் டக்கரும் நடித்த 'ரஷ் ஹவர்' (1998) ஆகியவையே அந்த மூன்று.

கதையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒன்றில் போதைப்பொருள் கும்பலின் தலைவனுக்கு எதிரான சாட்சியைக் காப்பாற்ற வேண்டும். இன்னொன்றில் தவறிப்போன நுண்படச் சுருள் (மைக்ரோஃபிலிம்) ஒன்றைத் தேட வேண்டும். மூன்றாவதில் லாஸ் ஏஞ்சலிஸில் கடத்தப்பட்ட சீனத் தூதரின் மகளை மீட்க வேண்டும். மூன்று கதைகளும் சண்டைகளைக் கோத்துக்கொடுக்கும் நூலாக மட்டுமே இருக்கின்றன, அதில் எனக்குக் குறையும் இல்லை. சண்டைகளின் தரத்திலும் மூன்றில் எதையும் மோசம் என்று தள்ள முடியாது. நகைச்சுவை மூன்றிலுமே ஏறி இறங்குகிறது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இடைவிடாமல் சிரிக்க வைக்கும் படத்தைத் தேடுபவர்கள் இந்த வகைப் படங்களின் பக்கமே வர வேண்டியதில்லை.

அப்படியென்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? ஒரு வாரம் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். சண்டையிடும் அதே உடலிலிருந்து சிரிப்பு பிறந்தால் மொழி தெரியாதவரும் சிரிப்பார், இரண்டாம் முறை பார்க்கும்போதும் அது கெடாது. சண்டையிடுபவர் ஒருவர், சிரிக்க வைப்பவர் வேறொருவர் என்று பிரித்துவிட்டால் படம் இரண்டாக உடைகிறது. வாயிலிருந்து மட்டும் சிரிப்பு வந்தால் சப்டைட்டிலிலோ மொழிமாற்றத்திலோ அதன் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. இந்த மூன்று படங்களும் ஏறத்தாழ இந்த மூன்று வகைக்கும் ஒவ்வொன்றாக அமைந்திருக்கின்றன.

உடலிலிருந்து சிரிப்பு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. ஜாக்கி சானும், 'யெஸ், மேடம்!' படத்தைத் தயாரித்த சாமோ ஹங்கும், அதை இயக்கிய கோரி யுயெனும் சிறுவர்களாக இருந்தபோது ஹாங்காங்கில் யூ ஜிம் யுயென் நடத்திய, பீக்கிங் ஓப்பெரா என்ற சீன இசை நாடகத்தைக் கற்பிக்கும் பள்ளியில் ஒன்றாகப் பயின்றவர்கள். அந்த நாடக மரபில் குட்டிக்கரணமும் கோமாளித்தனமும் ஆயுதப் பயிற்சியும் பாட்டும் தனித்தனிப் பாடங்கள் அல்ல. ஒரே மேடையில் ஒரே நடிகர் எல்லாவற்றையும் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். விழுவதைச் சிரிப்பாகவும் வலியாகவும் ஒரே நேரத்தில் காட்டும் திறமை அங்கே வளர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் தேர்ந்தெடுத்த 'போலீஸ் ஸ்டோரி' அந்தத் திறமையின் மேல் முழுக்க முழுக்கக் கட்டப்பட்ட படம். அமெரிக்காவில் வேறொருவர் இயக்கத்தில் நடித்த 'தி புரொடெக்டர்' படத்தின் போக்குப் பிடிக்காமல் ஹாங்காங் திரும்பிய ஜாக்கி சான், காவலர் படம் எப்படி இருக்க வேண்டும் என்று தான் நினைத்தாரோ அப்படியே எடுத்தது இது. மலைச்சரிவில் நெருக்கமாக நிற்கும் குடிசைகளின் ஊடே கார்கள் பாய்ந்து இறங்கும் தொடக்கக் காட்சியும், ஓடும் மாடிப் பேருந்தில் குடையின் வளைந்த பிடியை மாட்டித் தொங்கிக்கொண்டே போகும் துரத்தலும் படம் தொடங்கிய சிறிது நேரத்துக்குள் வந்துவிடுகின்றன. அந்தத் துரத்தலில் நாயகன் ஒருபோதும் மிடுக்காகத் தெரிவதில்லை: கால் தரையில் உராய்கிறது, கை வழுக்குகிறது, முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிகிறது. நாம் சிரிப்பதும் மூச்சைப் பிடிப்பதும் ஒரே நொடியில் நடக்கின்றன. துப்பாக்கியை நீட்டிக்கொண்டு சாலை நடுவில் அவர் நிற்க, பேருந்து கிறீச்சிட்டு நின்று மேல்தளத்து முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஆட்கள் கீழே விழுகிறார்கள். கீழே நிறுத்தியிருந்த காரின் மேல் விழ வேண்டிய ஸ்டண்ட் கலைஞர்கள், பேருந்து சற்று முன்னதாகவே நின்றுவிட்டதால் வெறும் சாலையில் விழுந்தார்கள் என்பதை அறிந்தபின் அந்தக் காட்சியைப் பார்ப்பது எளிதாக இல்லை.

படத்தின் நடுப்பகுதியில், ஊர்ப்புறக் காவல் நிலையம் ஒன்றுக்கு மாற்றப்பட்ட நாயகன் தனியே அமர்ந்து பல தொலைபேசிகளை ஒரே நேரத்தில் சமாளிக்கும் காட்சி ஒன்று உண்டு. ரிசீவர்கள் கை மாறுகின்றன, கம்பிகள் அவர் மேல் சுற்றிக்கொள்கின்றன, யாரிடம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே குழம்பிவிடுகிறது. அழைப்புகளில் சிலவற்றின் பொருள் இன்று சிரிப்பதற்கு உரியதாக எனக்குப் படவில்லை, ஆனால் கைகளும் கம்பிகளும் சேர்ந்து அமைக்கும் ஒழுங்கு சண்டைக் காட்சிக்குரிய துல்லியத்தோடு இருக்கிறது. அப்பா சப்டைட்டிலைப் படிப்பதை நிறுத்திவிட்டு அந்தக் கைகளை மட்டும் பார்த்துச் சிரித்தார். என் தேர்வு சரி என்று எனக்கு உறுதியானது அப்போதுதான்.

இறுதிச் சண்டை வணிக வளாகம் ஒன்றில் நடக்கிறது. காட்சிப்பெட்டி, தடுப்பு, மின்படிக்கட்டு என்று எதன் மேல் யார் விழுந்தாலும் கண்ணாடி நொறுங்குகிறது. படப்பிடிப்புக் குழுவினரே இதைக் 'கண்ணாடிக் கதை' என்று அழைத்தார்களாம். கேமரா தள்ளி நின்று ஆளை முழுதாகக் காட்டுகிறது, அடி விழும் இடத்தில் காட்சி வெட்டப்படுவதில்லை. அடித்தவரையும் விழுந்தவரையும் ஒரே சட்டகத்துக்குள் காண்பதால் ஏமாற்று எதுவும் இல்லை என்று கண் நம்புகிறது. மின்விளக்குச் சரங்கள் சுற்றிய உயரமான கம்பத்தில் மேல்தளத்திலிருந்து தாவிப் பிடித்து, விளக்குகள் பொறி பறக்க வெடித்துச் சிதற, ஜாக்கி சான் கீழ்த்தளம் வரை சறுக்கி இறங்கும் ஷாட் இந்தச் சண்டையின் உச்சம். உள்ளங்கைகளில் தீக்காயமும் முதுகிலும் இடுப்பிலும் காயமும் அதற்கு அவர் கொடுத்த விலை. ஒரே முறை செய்த அந்தச் செயலை வெவ்வேறு கோணங்களிலிருந்து திரும்பக் காட்டுகிறார்கள். ஹாங்காங் திரைப்பட விருதுகளில் அந்த ஆண்டின் சிறந்த படம், சிறந்த சண்டை அமைப்பு ஆகிய இரண்டு விருதுகளையும் இப்படம் பெற்றதில் எனக்கு வியப்பே இல்லை.

இதன் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. மேகி சியுங் நடித்த காதலி கதாபாத்திரம் கோபித்துக்கொள்வதற்கும் அவமானப்படுவதற்கும் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. முகத்தில் கேக் அப்பும் காட்சியும், மாட்டுச் சாணத்தை மிதித்துவிட்டு அதைத் தேய்ப்பதையே நடனமாக்கும் காட்சியும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பெரியவர்களுக்குப் பொறுமை வேண்டும். நீதிமன்றத்தில் ஒலிநாடா ஓடும் காட்சி இரட்டை அர்த்தச் சிரிப்பை நம்பியிருக்கிறது. அது வந்தபோது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

'யெஸ், மேடம்!' படத்தின் மேல் எனக்கு உண்மையான பிரியம் உண்டு, அதனாலேயே அதைத் தள்ளி வைப்பது எளிதாக இல்லை. மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, லண்டனில் பாலே நடனம் பயின்று, முதுகில் ஏற்பட்ட காயத்தால் அந்தக் கனவைக் கைவிட நேர்ந்த மிஷெல் யோ, முதன்முதலாக முதன்மை வேடமேற்றது இதில்தான். மிஷெல் கான் என்ற பெயரில் நடித்திருக்கிறார். ரோத்ராக்குக்கு இதுவே முதல் படம். ஒருவர் நடனத்திலிருந்து வந்தவர், மற்றவர் தற்காப்புக் கலைப் போட்டிகளிலிருந்து வந்தவர் என்ற வேறுபாடு சண்டைகளில் அழகாகத் தெரிகிறது: யோவின் உதைகள் வளைந்து விரிகின்றன, ரோத்ராக்கின் உதைகள் சுருக்கமாகவும் கூர்மையாகவும் வந்து தைக்கின்றன. வில்லனின் மாளிகையில் நடக்கும் இறுதிச் சண்டையில், மாடிக் கைப்பிடியில் கால்களை மாட்டிப் பின்புறமாகச் சாய்ந்து, கண்ணாடித் தடுப்பை உடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நிற்பவர்களை யோ இழுத்துத் தள்ளும் ஒரு ஷாட்டுக்காகவே இந்தப் படத்தை இன்னொரு முறை பார்ப்பேன்.

சிக்கல் சண்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. தமிழ்ப் படங்களில் காமெடி டிராக் என்று தனியே ஓடுமே, அதைப் போலவே இங்கு மூன்று சில்லறைத் திருடர்கள் படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்பிரின், ஸ்டிரெப்சில், பனடால் என்பவை அவர்களின் பெயர்கள். மாத்திரைகளின் பெயர் என்பதால் அந்த ஒரு நகைச்சுவை மட்டும் எந்த ஊரிலும் விளக்கமின்றிப் புரியும். பிற்காலத்தில் பெரிய இயக்குநராக அறியப்பட்ட சுய் ஹார்க் மூவரில் ஒருவராக நடித்திருக்கிறார் என்பது சினிமா ஆர்வலர்களுக்குச் சுவையான செய்தி. ஆனால் இவர்களின் சச்சரவுகள் நீள நீள, இரண்டு காவல் பெண்களும் எங்கே போனார்கள் என்ற கேள்வியே மனத்தில் நிற்கிறது. சிரிக்க வைக்கும் பொறுப்பு முழுவதையும் திருடர்களிடம் கொடுத்துவிட்டதால், சண்டையிடும் பெண்களுக்குச் சிரிக்கவோ தடுமாறவோ அதிக வாய்ப்பில்லை. கான்டனீஸ் மொழி அறிந்தவர்களுக்குத் திருடர்களின் பேச்சு இன்னும் சுவையாக இருக்கக்கூடும். சப்டைட்டிலை நம்பிப் பார்த்த என் அனுபவத்தை மட்டுமே நான் சொல்கிறேன். படம் முடிகிற கசப்பான விதமும் பிள்ளைகளோடு பார்க்க ஏற்றதாகத் தோன்றவில்லை.

'ரஷ் ஹவர்' மூன்றிலும் வசதியான தேர்வு. ஒளிப்பதிவு பளபளப்பானது, கதை இழுக்காமல் ஓடுகிறது, உலகெங்கும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததே அதன் ஈர்ப்புக்குச் சான்று. ஆயினும் அதன் நகைச்சுவையில் பெரும்பங்கு டக்கரின் வாயில் இருக்கிறது. அந்தக் குரலின் கீச்சும் வேகமும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பேச்சு வழக்கும் சேர்ந்துதான் சிரிப்பு. அவற்றைச் சப்டைட்டில் சுமக்காது. வேறு மொழியில் குரல் கொடுப்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் புதிதாக ஒரு நகைச்சுவையைத்தான் எழுத வேண்டியிருக்கும். இனத்தை வைத்து இருவரும் ஒருவரையொருவர் சீண்டும் வசனங்களில் பல இன்று பழசாகிவிட்டன. சண்டைகள் நன்றாக இருந்தாலும் குறுகியவை, வெட்டுகள் அதிகம். அப்போது ஜாக்கி சானுக்கு 44 வயது. அதைவிட, ஒரு சண்டைக்காக நாள்கணக்கில் காத்திருக்கும் ஹாங்காங் வேலைமுறைக்கு ஹாலிவுட்டின் கால அட்டவணையும் காப்பீட்டு விதிகளும் இடம் கொடுப்பதில்லை என்பதே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தப் படத்திலும் எங்கள் வீட்டுக்குப் பொருந்தியிருக்கக்கூடிய இடங்கள் உண்டு. உணவகத்துக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டு ஒருவர் மற்றவருக்கு நடன அசைவையும், மற்றவர் இவருக்குத் துப்பாக்கியைப் பறிக்கும் முறையையும் கற்றுக்கொடுக்கும் காட்சியில் வசனமே தேவைப்படவில்லை. இறுதியில் கண்காட்சிக் கூடத்தில், ஆளுயரப் பழங்காலச் சாடிகள் விழுந்து உடையாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டே ஜாக்கி சான் சண்டையிடுவது பழைய ஹாங்காங் நாட்களை நினைவூட்டுகிறது. படத்தின் சிறந்த சிரிப்புகள் இரண்டும் உடலிலிருந்தே வந்திருக்கின்றன என்பது என் எண்ணத்தை உறுதிப்படுத்தியது.

ஸ்டான்லி டோங் இயக்கிய 'போலீஸ் ஸ்டோரி' மூன்றாம் பாகத்தில் (1992) ஜாக்கி சானும் மிஷெல் யோவும் சேர்ந்து நடித்திருக்கிறார்கள். ஓடும் ரயிலின் மேல் யோ மோட்டார் சைக்கிளோடு பாய்ந்து இறங்குவதும், கோலாலம்பூரின் மேல் பறக்கும் ஹெலிகாப்டரின் கயிற்று ஏணியில் ஜாக்கி சான் தொங்குவதும் அதில்தான். அந்தப் படத்தை ஒரே ஒரு முறை, அதுவும் பல ஆண்டுகளுக்கு முன் பார்த்ததால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கத் துணியவில்லை. அடுத்த விடுமுறைக்கு அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

'போலீஸ் ஸ்டோரி' பார்க்க முடிவு செய்பவர்கள் ஆங்கில மொழிமாற்றத்தைத் தவிர்த்து, கான்டனீஸ் ஒலியோடும் சப்டைட்டிலோடும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலக் குரல்கள் எல்லோரையும் கோமாளிகளாக்கிவிடுகின்றன. பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்துவிடவும் கூடாது, ஏனெனில் படப்பிடிப்பில் தவறிய தாவல்களும் அடிபட்டவர்களைத் தூக்கிச் செல்வதும் அங்கே காட்டப்படுகின்றன. அதுவரை குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இருவரும் அங்கே அமைதியானார்கள். அந்தக் கம்பக் காட்சியை மறுபடி போடச் சொன்னவர் அப்பா.