சட்டத்தை மீறலாமா? ஆறு மணி நேர ஒலிப்பாடம், மூன்று நட்சத்திரம்

அநியாயத்தை எதிர்க்கச் சட்டத்தை மீறுவது சரியா என்று ஆறு மணி நேரம் பேசும் ஒலிப்பாடம் இது. காலை நடையில் கேட்டுக் கேட்டு இரண்டு வாரத்தில் முடித்தேன். பாதி வரைக்கும் ஐந்து நட்சத்திரம் போடும் எண்ணத்தில்தான் இருந்தேன்.

காந்தி பகுதி அருமை. 1917-இல் பீகாரின் சம்பாரண் பகுதியை விட்டு வெளியேறச் சொன்ன உத்தரவை மீறிவிட்டு, ஆமாம் மீறினேன் என்று அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதும் தண்டிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அதிகாரிகள் திணறி, கடைசியில் அரசாங்கமே வழக்கைத் திரும்பப் பெற்றதை நன்றாகச் சொல்கிறார் ஆசிரியர். 1955-இல் அமெரிக்காவில், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸுக்கு அபராதமும் செலவும் சேர்த்து 14 டாலர். அதன் பிறகு அவர் ஊரான மான்ட்கோமரியில் 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு. பேருந்தில் நிறம் பார்த்து இடம் பிரிப்பது சட்டப்படி ஒழிந்தது வேறொரு வழக்கின் தீர்ப்பால் என்பதையும் மறைக்கவில்லை, அது பிடித்தது.

பிரச்சினை அப்புறம்தான். தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இல் எழுதியதை எடுத்துக்கொண்டு, பகிரங்கமாக மீற வேண்டும், வன்முறை கூடாது, தண்டனையை ஏற்க வேண்டும், இதில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் குற்றம் என்று ஆசிரியர் அடித்துச் சொல்கிறார். ரால்ஸ் ஒரு வகை மீறலுக்குத்தான் இலக்கணம் சொன்னார், அதற்கு வெளியே இருப்பதெல்லாம் தப்பு என்று சொல்லவில்லையே! 1850-இல் அமெரிக்காவில் வந்த சட்டப்படி, தப்பி ஓடிவந்த அடிமைக்கு அடைக்கலம் கொடுத்தால் 1000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அப்படியும் பலர் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தார்கள். அவர்கள் பகிரங்கமாக அறிவித்திருந்தால் ஒளிந்திருந்தவர் மறுநாளே விலங்கோடு திரும்பிப் போயிருப்பார். சிறைக்குப் போவது நாமாக இருந்தால் வெளிப்படையாக நிற்பது வீரம், மாட்டிக்கொள்வது இன்னொருவர் என்றால் அதே வெளிப்படை காட்டிக்கொடுப்பதாகிவிடும் இல்லையா? இதற்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. மண்டேலாவும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறார், 1961-க்குப் பிறகு அவர் நாசவேலை வழிக்குப் போனது ஆசிரியருக்குச் சங்கடமோ என்னவோ.

ஒலித்தரம் சுத்தம், உச்சரிப்பும் தெளிவு. முதல் மூன்று மணி நேரத்துக்காகத் தாராளமாகக் கேட்கலாம்.

கடைசியில் ஒரு தேர்வு வேறு வைத்திருக்கிறார்கள். முதல் கேள்வி: சட்டத்தை மீறுவது நியாயமா, ஆம் அல்லது இல்லை. ஆம் என்று அழுத்தினேன், சரியான விடை என்று வந்தது. சும்மா திரும்பப் போய் இல்லை என்று அழுத்திப் பார்த்தேன், அதற்கும் சரியான விடைதான்.