பூனைத் தட்டுக்கும் கன்னி நாய்க்கும் நடுவே ஒரு கதவுப் பட்டை: ஆறு மாத அனுபவம்

நாயும் பூனையும் ஒரே வீட்டில் வளர்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூனை மண் போட்ட தன் தட்டில் மலம் போய்விட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வெளியே வரும், நாய் அதற்காகவே காத்திருந்த மாதிரி உள்ளே போய்த் தோண்டித் தின்றுவிட்டு, மூக்கு முழுக்கச் சாம்பல் நிற மண்ணோடு வந்து நம் கையை நக்கும். எங்கள் வீட்டில் இது எட்டு மாதம் நடந்தது. கடைசியில் 450 ரூபாய்க்கு வாங்கிய ஒரு கதவுப் பட்டைதான், அதாவது கதவை ஓர் அளவுக்கு மேல் திறக்க விடாத பட்டைதான், அதை நிறுத்தியது. ஆனால் பெட்டியில் போட்டிருக்கிறபடி மாட்டியிருந்தால் நிறுத்தியிருக்காது, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வீடு பாளையங்கோட்டையில், தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகிற பழைய வீடு. நாய் மணி, கன்னி இனம், கோவில்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் போட்ட குட்டி. பூனை பிச்சி, 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த மறுவாரம் எங்கள் நடைக்கு வந்து ஒதுங்கியது. தெருவில் நாய்கள் அதிகம் என்பதால் அதை வெளியே விடுவதில்லை, அதனால் வீட்டுக்குள்ளேயே லிட்டர் ட்ரே, அந்த மண் போட்ட தட்டுதான்.

முதலில் ஆன்லைனில் மேல்பக்கம் ஓட்டை உள்ள பெட்டி ஒன்று வாங்கினோம், 1,800 ரூபாய். பூனை மேலேறி உள்ளே குதிக்கும், நாயால் முடியாது என்று போட்டிருந்தது. குட்டையான நாய் என்றால் சரிதான். கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் வைத்திருக்கிறவர்கள் இதில் பணத்தைப் போடாதீர்கள். மணி நின்றால் தோள் இரண்டடிக்கு மேல், கழுத்து நீளம், முகம் கூர்மை. அந்த ஓட்டை அவனுக்கென்றே வெட்டிய மாதிரி இருந்தது. மூடி போட்ட பெட்டியும் பார்த்தோம். அதில் வேறு ஆபத்து: பூனை உள்ளே இருக்கும்போது நாய் வாசலில் நின்றால் அதற்குத் தப்பிக்க வழியே இல்லை. இரண்டு முறை அப்படி மாட்டிக்கொண்ட பிறகு பிச்சி தட்டுப் பக்கமே போகவில்லை, அரிசிச் சாக்கின் மேலும் ஆச்சியின் பாயிலும் போக ஆரம்பித்தது. வீட்டில் எல்லாரும் பூனையைத்தான் திட்டினார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை, தப்பு அதனுடையது இல்லையே.

அப்புறம் ஒரு நாள் மணி வாந்தி எடுத்தான், சாப்பிடவில்லை. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனோம். தட்டில் நாங்கள் போட்டது பென்டோனைட் களிமண், ஈரம் பட்டதும் உப்பிக் கட்டியாகிற வகை. அள்ளிப் போட வசதியாக இருப்பது அந்தக் குணத்தால்தான். அதையே நாய் நிறைய விழுங்கினால் குடலை அடைத்துவிடக்கூடும். நல்ல காலம், மணிக்கு இரண்டு நாளில் வெளியே போய்விட்டது. பூனை மலத்தில் உருளைப்புழு, கொக்கிப்புழு முட்டைகள் இருக்கலாம் என்று சொல்லி இரண்டுக்கும் பூச்சி மருந்து கொடுத்தார்கள். நாய் ஏன் இதைத் தின்கிறது என்று கேட்டேன். பூனைத் தீனியில் நாய்த் தீனியைவிடப் புரதமும் கொழுப்பும் கூடுதல், மலத்திலும் அந்த வாசனை இருக்கும், பெரும்பாலும் அது நோயும் இல்லை சேட்டையும் இல்லை என்றார் டாக்டர். ஆச்சியிடம் வந்து சொன்னால், "ஏளா, அதைத்தான நானும் சொல்லுதேன், அதுக்கு அது பலகாரம்லா" என்கிறாள்.

மைனி (அண்ணி) அப்போது மாசமாக இருந்தார்கள், அதனால் பூனை மலம் வழியாகத் தொற்றி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி பற்றியும் கேட்டுக்கொண்டோம். எல்லாப் பூனையிடமும் அது இருக்காது. இருந்தாலும் மலத்தோடு வருகிற கிருமி, தொற்றுகிற நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும், எனவே தினமும் அள்ளிவிட்டால் பயம் பெருமளவு குறையும். மாசமாக இருக்கிறவர்கள் அந்த வேலையைச் செய்யவே கூடாது. காலையும் மாலையும் நானே அள்ளினேன், இப்போதும் அள்ளுகிறேன்.

சரி, கதவுப் பட்டைக்கு வருகிறேன். இது ஒன்றும் பெரிய சாமான் இல்லை. கதவில் ஒரு துண்டு, நிலையில் ஒரு துண்டு, நடுவே துளைகள் உள்ள பிளாஸ்டிக் பட்டை. எந்தத் துளையில் மாட்டுகிறோமோ அவ்வளவுதான் கதவு திறக்கும். அந்த இடுக்கில் பூனை நுழையும், நாய் நுழையாது, நமக்கு வேண்டும்போது ஒரு கையால் கழற்றலாம். முன்பு நெல் போட்டு வைத்த சின்ன அறை இரண்டாங்கட்டில் சும்மா கிடந்தது, தட்டை அங்கே கொண்டுபோய் வைத்து அதன் கதவில் மாட்டினோம்.

முதல் சிக்கல் பசை. கூட வருகிற இருபக்க டேப் எங்கள் பழைய மரக்கதவின் பெயின்டில் நாலு நாள்கூட நிற்கவில்லை. மணி நெஞ்சை வைத்து ஒரு தள்ளு தள்ளினான், பெயின்டோடு பிய்ந்து வந்துவிட்டது. ஆசாரியைக் கூப்பிட்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினோம், அவர் கூலி 200 ரூபாய். அதற்குப் பிறகு அசையவில்லை.

இரண்டாவது இடுக்கின் அளவு, இதில்தான் பலர் ஏமாறுவார்கள். பெட்டியில் படம் போட்டிருப்பது லாப்ரடார் மாதிரி அகலத் தலை நாய்க்கு. நாலாவது துளையில் மாட்டச் சொல்லியிருந்தது, எங்கள் கதவில் அது 14 சென்டிமீட்டர் வந்தது. மணியின் தலை அதில் சுலபமாகப் போனது, நெஞ்சும் ஒடுக்கம் என்பதால் ஒருக்களித்து உள்ளே போயே விட்டான். வேட்டை நாய் உடம்பு அப்படி. ஒவ்வொரு துளையாகக் குறைத்து 9 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். மூன்றரைக் கிலோ பிச்சி தாராளமாகப் போய்வருகிறது, மணிக்கு மூக்கு மட்டும் நுழைகிறது. அந்த மூக்கு எட்டக் கூடாது என்று தட்டைக் கதவிலிருந்து ஐந்தடி தள்ளி எதிர்மூலையில் வைத்திருக்கிறேன். உங்கள் பூனை தடியாக இருந்தால் இந்த அளவு பற்றாது, தலையை மட்டும் அளக்காமல் வயிற்றையும் அளந்து பாருங்கள்.

மூன்றாவது நம் ஊர்க் காற்று. பட்டை கதவு அதிகம் திறக்காமல் பிடிக்குமே தவிர, மூடிக்கொள்ளாமல் பிடிக்காது. ஆனி, ஆடிக் காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டு, பிச்சி உள்ளே ஒரு மதியம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. இதைச் செய்தவர்கள் ஏன் யோசிக்கவில்லை என்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி, பட்டைக்கு மேலே நிலையோரம் ஆணி அடித்து வைத்தபின் கதவு சாத்துவதில்லை. அந்தத் துண்டைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்திருக்கலாம்.

பிச்சி மறுபடி தட்டில் போக இரண்டு வாரம் ஆனது. முதல் நாட்களில் இடுக்குப் பக்கம் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பிறகு ஒரு விடியற்காலையில் உள்ளே போய்ச் சாவகாசமாக மண்ணைக் கிளறுகிற சத்தம் கேட்டது. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவு நிம்மதியாக இருந்தது. பாயில் போவது அதோடு நின்றது. மணி ஒரு மாதம் அந்தக் கதவடியிலேயே படுத்துக் கிடந்தான். "வா" என்றதும் எழுந்து வந்தால் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று என்று பழக்கினோம், இப்போது அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

தட்டைச் சுற்றி மிளகாய்ப்பொடி தூவு என்று சொல்லாதவர்கள் கிடையாது. தயவுசெய்து செய்யாதீர்கள், பூனை அதை மிதித்துவிட்டுக் காலை நக்கும். நாயை அடிப்பதும் உதவாது, நாம் பார்ப்பதற்குள் முழுங்கிவிட வேண்டும் என்று இன்னும் அவசரமாகத் தின்னும்.

பட்டைக்கு 5-க்கு 4 தருவேன், டேப்புக்காகவும் காற்றுக்காகவும் ஒன்று குறைவு. வாங்குமுன் கதவைப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் இரட்டைக் கதவு, அதில் ஒரு கதவை மேலும் கீழும் தாழ் போட்டு நிறுத்தினால்தான் இது வேலை செய்யும். தாழ் துருப்பிடித்திருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுப் பட்டையை வாங்குங்கள்.