800 கலோரியா, 1,400 கலோரியா: எடை குறைப்பில் போதிய உணவு எது?

எடையைக் குறைக்க முடிவெடுத்தவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் வந்து நிற்கின்றன. நாளுக்கு 800 கலோரி அளவுக்கு உணவைச் சுருக்கி மூன்று மாதங்களில் காரியத்தை முடிப்பது ஒன்று. செலவாவதைவிட 400 கலோரி மட்டும் குறைத்து உண்டு, ஓராண்டு ஆனாலும் பொறுத்திருப்பது மற்றொன்று. நான் இரண்டையும் கடைப்பிடித்துப் பார்த்தவள்; இரண்டாவதே சரியென்று உறுதியாக நம்புகிறேன்.

40 வயது, 158 செ.மீ. உயரம், 70 கிலோ எடை கொண்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். எடை, உயரம், வயதைக் கொண்டு உடலின் ஓய்வுநிலைச் செலவைக் கணிக்கும் மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, அசையாமல் படுத்திருந்தாலே அவர் உடலுக்குச் சுமார் 1,325 கலோரி வேண்டும். வீட்டுவேலையும் சிறிது நடையும் சேர்ந்தால் 1,800 ஆகும். அதில் 400 குறைத்து 1,400 கலோரி உண்பவர் இதயம், மூளை, கல்லீரல் ஆகியவற்றின் அடிப்படைச் செலவை உணவிலிருந்தே ஈடுகட்டிவிடுகிறார். 800 கலோரியில் அதற்கே 500க்கு மேல் துண்டு விழுகிறது.

அந்தத் துண்டு விழும்போது உடல் என்ன செய்யும் என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களைக் கொண்டு ஆராய்ந்தார். சுமார் 3,200 கலோரி உண்டுவந்த அவர்களுக்கு 24 வாரங்கள் ஏறக்குறைய 1,570 கலோரியே தரப்பட்டது. எடை கால்பங்கு குறைந்தது. ஓய்வுநிலைச் செலவோ சுமார் 40 விழுக்காடு சரிந்தது, அதாவது உடல் இளைத்ததற்கு உரியதைவிடக் கூடுதலாக. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்குத் தாராளமாக இருக்கும் 1,570 கலோரி, வாரம் 35 கிலோமீட்டர் நடந்த அவர்களுக்குப் பட்டினியாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். போதிய உணவு என்பது அவரவர் செலவைப் பொறுத்தது. வளர்சிதை மாற்றம் "நின்றுபோகும்" என்று சிலர் அச்சுறுத்துவதும் தவறு. அது மந்தமாகுமே தவிர நிற்பதில்லை. அந்த இளைஞர்களும் மெலிந்துகொண்டேதான் இருந்தார்கள்.

800 கலோரிக்கு நெருக்கமாக நான் ஏழு வாரங்கள் இருந்தேன். எடை வேகமாக இறங்கியது. ஆனால் சித்திரை மாதத்திலும் மின்விசிறிக்கு அடியில் கை சில்லிட்டது; மாடியில் காயும் துணியை எடுக்கப் படியேறுவதை என்னை அறியாமலே தள்ளிப்போட்டேன். மூன்றாம் மாதம் சீப்பு நிறைய முடி வந்தது.

வேகமான வழிக்கும் நியாயம் உண்டு. பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாதவர்கள் சுமார் 850 கலோரி உணவை மூன்று முதல் ஐந்து மாதங்கள் உண்டனர். ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தின்றியே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் அது சத்துகள் அளந்து சேர்த்த உணவு, மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. கஞ்சியும் வெள்ளரிக்காயுமாகத் தாமே தொடங்கும் பட்டினியை அதனோடு ஒப்பிடவே கூடாது. நீரிழிவு மாத்திரை உண்பவருக்கு அந்தப் பட்டினி ஆபத்தும்கூட.

1,400 கலோரி வழியின் உண்மையான சிக்கல் புரதம். நம் வீடுகளில் "சோற்றைக் குறை" என்பதோடு அறிவுரை முடிந்துவிடுகிறது. சோறு குறைந்தால் அதோடு ஊற்றிக்கொள்ளும் சாம்பாரும் குறைந்து, உடல் தசையைக் கரைக்கத் தொடங்குகிறது. கிலோவுக்கு ஒரு கிராம் என்றால் அந்தப் பெண்ணுக்கு 70 கிராம் புரதம் வேண்டும். காலையில் இரண்டு இட்லியோடு இரண்டு அவித்த முட்டை (16 கிராம்), மதியம் ஒரு கிண்ணம் சோறு, கெட்டியான பருப்பு, 100 கிராம் மீன், தயிர் (ஏறத்தாழ 33), மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் (14), இரவு இரண்டு சப்பாத்தியும் காய்க்கூட்டும் (8) என்று வந்தால்தான் கணக்கு நிறைகிறது. எண்ணெயை அளந்து ஊற்றினால் இது 1,400 கலோரியைச் சுற்றியே நிற்கும். சைவர்கள் மீனுக்கும் முட்டைக்கும் பதிலாகப் பனீர், சோயா, பாசிப்பயறு என்று திட்டமிட்டே சேர்க்க வேண்டியிருக்கும். இதோடு வாரம் இருமுறை பளுப்பயிற்சியும் செய்தால் தசை பெரும்பாலும் காக்கப்படும்.

எடை 63 கிலோவுக்கு இறங்கியதும் அன்றாடச் செலவு 100 கலோரியளவு குறைந்துவிடும். எடைமுள் மெதுவாவது அதனால்தான். அந்நிலையில் ஒரு தோசையைக் குறைக்கலாம், அல்லது அரைமணி கூடுதலாக நடக்கலாம். நான் தோசையை விடாமல் நடையைக் கூட்டினேன்.