15-ஆம் எண்ணைத் தேடி கிரீன் பே போனோம்: லாம்போ ஃபீல்டு டூர் அனுபவம்

2015 நவம்பர் 26 இரவு. மில்வாக்கிக்குக் குடிவந்து எங்களுக்கு ஓராண்டுகூட ஆகவில்லை. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் கூப்பிட்டிருந்தார். டிவியில் கிரீன் பே பேக்கர்ஸ் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கால்பந்தில் எனக்கு அப்போது ஒரு விதிகூடத் தெரியாது. இடைவேளையில், மழையில், ஒரு முதியவரைச் சின்ன வண்டியில் உட்கார வைத்து மைதானத்துக்குள் கூட்டி வந்தார்கள். அணியின் முன்னாள் ஆட்டக்காரர் பிரெட் ஃபாவ்ரின் 4-ஆம் ஜெர்சி எண்ணைக் கௌரவிக்கும் விழா அது. விழா நாயகனான ஃபாவ்ரே அந்த முதியவரிடம் போய்க் குனிந்து கட்டிக்கொண்டார். என் பக்கத்து வீட்டுக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் வீட்டு ஹாலிலேயே எழுந்து நின்றுவிட்டார். யார் அவர் என்று கேட்டேன். "பார்ட் ஸ்டார்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

15-ஆம் எண் ஜெர்சி அணிந்து ஆடிய அந்த ஸ்டார் யார் என்ற கேள்விக்கு முழுப் பதில் கிடைத்தது போன டிசம்பரில்தான். பதின்மூன்று வயது மகளைக் கூட்டிக்கொண்டு பேக்கர்ஸின் ஸ்டேடியமான லாம்போ ஃபீல்டு டூருக்குப் போனேன். மில்வாக்கியிலிருந்து ஐ-43 நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஸ்டேடியம் டூரும் உள்ளேயே இருக்கும் பேக்கர்ஸ் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகமும் சேர்ந்த டிக்கெட் வாங்கினேன். டூர்களில் நீளமானதும் உண்டு, குட்டையானதும் உண்டு. நாங்கள் எடுத்தது ஒரு மணி நேரத்துக்கானது.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் கிரீன் பே. அங்கே எண்பதாயிரத்துக்கு மேல் உட்காரக்கூடிய ஸ்டேடியம். அணிக்குத் தனி முதலாளி கிடையாது. 1923 முதல் சில முறை பங்குகளை விற்று, ஊர்க்காரர்களும் ரசிகர்களும் சேர்ந்து வைத்திருக்கும் அணி. அந்தப் பங்குக்கு லாபத்தில் ஒரு காசு வராது, ஆனாலும் பங்குப் பத்திரத்தை ஃபிரேம் போட்டு மாட்டி வைத்திருப்பார்கள். வாசலில் அணியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கர்லி லாம்போவுக்கும் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டிக்கும் பெரிய சிலைகள். ஸ்டேடியம் இருக்கும் சாலைக்கே லொம்பார்டி அவென்யூ என்றுதான் பெயர்.

எங்கள் வழிகாட்டி எழுபது தாண்டிய பெண்மணி. மனப்பாடமாக ஒப்பிக்காமல், தன் வீட்டு ஆட்களைப் பற்றிச் சொல்வதுபோல் பேசினார். எனக்கு ஸ்டாரைப் பற்றித்தான் தெரிய வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். அப்புறம் இடம் கிடைத்த போதெல்லாம் என் பக்கம் திரும்பி அவரைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார்.

ஸ்டார் பிறந்தது 1934-இல், அலபாமாவின் மான்ட்கோமரியில். அப்பா ராணுவக்காரர், கண்டிப்பானவர். தம்பி சின்ன வயதிலேயே டெட்டனஸ் வந்து இறந்துபோனான். அலபாமா பல்கலைக்கழகத்தில் முதுகில் அடிபட்டு, கடைசி ஆண்டில் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டு அந்த அணி ஆடிய பத்து ஆட்டத்திலும் தோற்றது. இப்படிப்பட்டவரை எந்தத் தொழில்முறை அணி எடுக்கும்? கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 1956 டிராஃப்டில் 17-ஆவது சுற்றில், 200-ஆவது ஆளாகத்தான் பேக்கர்ஸ் அவரை எடுத்தது. அதுவும் அலபாமாவின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பேக்கர்ஸில் தெரிந்தவரிடம் சிபாரிசு செய்ததால். வந்து சேர்ந்த அணியும் சுமார்தான். 1958-இல் ஒரே ஒரு ஆட்டம் வென்றது, பத்தில் தோற்றது, ஒன்று சமன்.

மறு ஆண்டு லொம்பார்டி வந்தார். அருங்காட்சியகத்தில் அவருடைய அலுவலக அறையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். மேசைக்குப் பின்னால் நாமும் உட்காரலாம். என் மகள் உட்கார்ந்து போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஸ்டார் நின்றதும் இந்தப் பக்கம்தானே என்று தோன்றியது. ஒரு பயிற்சியின்போது லொம்பார்டி எல்லார் முன்னாலும் அவரைத் திட்டித் தீர்த்தார். ஸ்டார் அங்கே ஒன்றும் பேசவில்லை. பிறகு தனியாக அவருடைய அறைக்குப் போனார். நான் இந்த அணியை நடத்த வேண்டுமென்றால் அவர்கள் எதிரில் என்னைத் திட்டாதீர்கள், திட்டுவதை இந்த அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். லொம்பார்டி அதற்குப் பிறகு அவரைப் பிறர் முன் கடிந்துகொண்டதே இல்லை என்பார்கள். எனக்கு அங்கிருந்த கோப்பைகளைவிட அந்த மேசைதான் மனதில் நின்றது.

கோப்பைகளும் குறைவில்லை. 1961, 62, 65, 66, 67 என்று ஏழு ஆண்டில் ஐந்து சாம்பியன் பட்டம். சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியில் முதல் இரண்டையும் வென்றார்கள், இரண்டிலும் சிறந்த ஆட்டக்காரர் ஸ்டார்தான். அந்த அணியில் அவர் குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுக்கும் ஆள். அந்தக் காலத்தில் என்ன ஆட்டம் ஆடுவது என்று களத்தில் பெரும்பாலும் அவரே சொல்ல வேண்டும்.

டூரின் உச்சம் சுரங்கப் பாதை. ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடி வரும் வழியில் நம்மையும் நடத்திக்கொண்டு போகிறார்கள். கூட்டம் ஆர்ப்பரிக்கும் சத்தத்தை ஒலிபெருக்கியில் விடுகிறார்கள். ஸ்டேடியத்தைப் புதுப்பித்தபோது பழைய பாதையின் கான்கிரீட்டில் ஒரு துண்டை மட்டும் எடுத்துப் பத்திரமாகப் பதித்திருக்கிறார்கள். ஸ்டாரின் காலணி பட்ட கான்கிரீட் அது. நான் அதைத் தாண்டி நடக்க மனமில்லாமல் கொஞ்சம் ஒதுங்கி நின்றுவிட்டேன். வழிகாட்டி சிரித்து, மிதிக்கத்தான் வைத்திருக்கிறோம் என்றார்.

வெளியே வந்தால் மைனஸ் 12 டிகிரி. புல்லில் கால் வைக்க விடமாட்டார்கள், ஓரத்தில்தான் நிற்கலாம். அங்கிருந்து தெற்குப் பக்கத்தில், பந்தைக் கொண்டு சேர்க்க வேண்டிய எல்லைக் கோட்டை அந்தப் பெண்மணி கை நீட்டிக் காட்டினார். அங்கேதான் என்றார்.

1967 டிசம்பர் 31. டல்லாஸ் கவ்பாய்ஸோடு சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம். குளிர் மைனஸ் 25 டிகிரி. புல்லுக்கு அடியில் மின்கம்பிச் சுருள்களைப் பதித்துச் சூடாக்கும் ஏற்பாடு இருந்தது. அன்றைக்கு அது கைகொடுக்கவில்லை, தரை பனிக்கட்டியாகிவிட்டது. நடுவர்களின் விசில் உதட்டோடு ஒட்டிக்கொண்டது, அப்புறம் வாயால் கத்தித்தான் ஆட்டத்தை நடத்தினார்கள். ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். கடைசி 4 நிமிடம் 50 வினாடி இருக்கும்போது பேக்கர்ஸ் 14, கவ்பாய்ஸ் 17. 68 யார்டு போக வேண்டும். ஸ்டார் கொஞ்சம் கொஞ்சமாக அணியைக் கோட்டுக்கு ஒரு யார்டு வரைக்கும் நகர்த்திவிட்டார். பந்தோடு ஓடியவர் இரண்டு முறையும் வழுக்கிப்போனார். மிச்சம் 16 வினாடி. ஆட்டத்தை நிறுத்தி யோசிக்கக் கிடைக்கும் கடைசி டைம்-அவுட்டும் தீர்ந்தது. பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்தால் சமன். ஓடிக் கோட்டைத் தாண்டினால் வெற்றி. தடுக்கப்பட்டால், மறுபடி வரிசையில் நிற்க நேரம் இருக்காது, தோல்வி.

ஸ்டார் லொம்பார்டியிடம் போய், ஓடி வருகிறவருக்குக் கால் வழுக்குகிறது, நான் பக்கத்திலேயே நிற்கிறேன், நானே நுழைந்துவிடுகிறேன் என்றார். அப்படியானால் செய், முடித்துக்கொண்டு இங்கிருந்து கிளம்புவோம் என்றார் லொம்பார்டி. ஆனால் அணித் தோழர்களிடம் ஸ்டார் சொன்னது சக் மெர்சீன் பந்தை வாங்கி ஓடும் ஆட்டத்தின் பெயரை. தானே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லவில்லை. ஜெர்ரி கிராமரும் கென் போமனும் எதிராளியை முட்டித் தள்ள, அந்தச் சந்தில் ஸ்டார் விழுந்தார். பின்னால் வந்த மெர்சீன் கையில் பந்து இல்லாமல், ஸ்டாரை நான் தள்ளவில்லை என்று நடுவர்களுக்குக் காட்ட இரண்டு கையையும் தூக்கினார். 21-17.

இதை அதே குளிரில், அதே இடத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கிறோம். மகளின் விரல் சிவந்துவிட்டது, ஆனாலும் உள்ளே போகலாமா என்றதற்கு வேண்டாம் என்றாள். கோடை காலத்தில் வந்தால் சௌகரியமாக இருக்கும்தான். ஆனால் அந்த ஒரு யார்டு புரிய வேண்டுமென்றால் டிசம்பரில் வாருங்கள்.

அன்றிரவு நாங்கள் தங்கிய விடுதியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. காலையில் ஆள் வருவார் என்று சொல்லி இரண்டு கம்பளி கொடுத்தார்கள். குழந்தையோடு குளிர்காலத்தில் போகிறவர்கள் அறைக்குள் போனவுடனே அதைச் சோதித்துவிடுங்கள், மாற்று அறை கேட்க அப்போது நேரம் இருக்கும்.

போவதற்கு முன் ஸ்டாரின் பிற்கால வாழ்க்கையையும் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் யாராலும் சொல்ல முடியாது. 1975 முதல் 1983 வரை இதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 52 வெற்றி, 76 தோல்வி, 3 சமன். கடைசியில் பதவியிலிருந்து நீக்கினார்கள். 1988-இல் மகன் பிரெட் போதைப்பொருளால் இறந்துபோனார். தடம் மாறிய சிறுவர்களுக்கான ராஹைடு என்ற விடுதி விஸ்கான்சினில் தொடங்கப்பட்டது. அதற்காக, இரண்டாவது சூப்பர் பவுலில் பரிசாகக் கிடைத்த கார்வெட் காரையே குலுக்கலுக்குக் கொடுத்தவர் அவர். பிறருடைய பிள்ளைகளுக்காக அவ்வளவு செய்தவருக்குத் தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போனதே என்று நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதெல்லாம் தெரிந்து கொண்டு மேலே அண்ணாந்து பார்க்கும்போதுதான், ஸ்டேடியத்தில் எழுதியிருக்கும் அந்த 15-இன் கனம் தெரியும். அந்த எண்ணை அங்கே இனி வேறு யாரும் அணியப்போவதில்லை.

டூர் முடிந்து உள்ளே பொரித்த சீஸ் கர்ட்ஸ் சாப்பிட்டோம். சூடாக, உப்பு அளவாக, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வயிறு நிறையும். கடையில் 15 போட்ட பச்சை ஜெர்சி ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்காக வாங்கினேன். ஸ்டார் 2019 மே மாதம் தன் 85-ஆம் வயதில் இறந்த அன்று, அந்தப் பெரியவர் வாசல் கொடியை அரைக் கம்பத்தில் இறக்கியிருந்தார். ஜெர்சியைக் கொடுத்தபோது அளவு சரியா என்று பார்க்கக்கூட இல்லை, குளிர் எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்டார்.