பிக்கோ-8: ஊரடங்கில் தொடங்கிய பழக்கம்

2020 ஏப்ரல், ஊரடங்கு. அந்த மாதம்தான் லூடம் டேர் கேம் ஜாமில், அதாவது கொடுத்த தலைப்பில் குறித்த நேரத்துக்குள் கேம் செய்யும் இணையப் போட்டியில், பிக்கோ-8ஐ வைத்து முதல்முறையாக ஒரு கேமை முடித்து ஒப்படைத்தேன். தனியாளாகச் செய்யும் பிரிவுக்கு 48 மணி நேரம். அதற்கு முன் இரண்டு முறை பெரிய எஞ்சின் (கேம் செய்ய உதவும் மென்பொருள்) ஒன்றை வைத்து முயன்று, முதல் நாள் முழுவதையும் மெனுவின் அழகுக்கே செலவழித்துவிட்டுக் கையைத் தூக்கியவன் நான்.

பிக்கோ-8 என்பது நிஜத்தில் இல்லாத, பழைய பாணி கேம் கன்சோல் ஒன்று. மென்பொருளாக மட்டும் இருக்கிறது. 128க்கு 128 பிக்சல் திரை, 16 நிறங்கள், நான்கு திசை அம்புகள், இரண்டு பொத்தான்கள். கோட் எழுத, படம் வரைய, ஒலி அமைக்க எல்லாம் உள்ளேயே. லுவா என்ற நிரல்மொழி தெரிந்தால் போதும். தெரியாவிட்டாலும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

அந்த முறை தலைப்பு 'கீப் இட் அலைவ்', அதாவது 'உயிரோடு வைத்திரு'. எனக்குச் சட்டென்று தோன்றியது, மழையில் விறகடுப்பை அணையாமல் காக்கும் பாட்டி. இரண்டு பொத்தான்தானே? ஒன்று ஊதாங்குழலை ஊத, இன்னொன்று வடை திருட வரும் காகத்தை விரட்ட. விறகு பொறுக்குவது, மாவு ஆட்டுவது என்று நோட்டில் எழுதியிருந்த மற்றதையெல்லாம் அடித்துவிட்டேன். வைக்க வேறு பொத்தான் இல்லை.

முதல் மூன்று மணி நேரம் திரையில் ஒரு சிவப்புச் சதுரமும் ஒரு கறுப்புச் சதுரமும்தான். சிவப்பு சுருங்கிக்கொண்டே வரும், ஊதினால் பெரிதாகும். ஆனால் விளையாட்டு சப்பென்று இருந்தது, பொத்தானை விடாமல் தட்டினாலே ஜெயித்துவிடலாம். அதிகமாக ஊதினால் சாம்பல் பறந்து கண் தெரியாமல் போகும் என்று ஒரு விதி சேர்த்தேன். அப்புறம்தான் அது கேம் ஆனது. படம் வரைய உட்கார்ந்தது அதற்குப் பிறகே. இன்றுவரை அந்த வரிசையை நான் மாற்றவில்லை. ஒரு வரியை மாற்றி கன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் கணத்தில் ஓடும் என்பதால், ஒரு மாலைக்குள் இப்படி ஐம்பது தடவை மாற்றிப் பார்க்கலாம்.

இனி வயிற்றெரிச்சல்கள். இதில் எண்கள் 32,767ஐத் தாண்டாது. தெரியாமல் காகத்துக்கு நூறு புள்ளி என்று வைத்தேன். அக்கா மகன் விடாமல் விளையாடி எல்லையைத் தாண்ட, ஸ்கோர் மைனஸுக்குப் போய்விட்டது. "மாமா, நான் தோத்துட்டேனா?" என்று கேட்டான். இப்போது ஒவ்வொரு புள்ளியாக எண்ணி, திரையில் காட்டும்போது மட்டும் பின்னால் இரண்டு பூஜ்யம் ஒட்டுகிறேன்.

ஜப்பானிய கானா எழுத்து உண்டு, தமிழ் இல்லை. 'வடை' என்ற ஒரு சொல்லுக்காக மூன்று ஸ்பிரைட்டை (எட்டுக்கு எட்டு பிக்சல் குட்டிப் படம்) வீணாக்கினேன். எட்டுக்கு எட்டில் டகர ஐகாரத்தை வரைந்து பாருங்கள், தெரியும்.

கோடில் வரும் சொல், எண், குறி ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டோக்கன்; மொத்தம் 8,192 என்ற வரம்பு இரண்டு நாள் ஜாமில் இடிக்காது. ஜாம் முடிந்து அதே கேமை வளர்த்தபோதுதான் இடித்தது. டோக்கனை மிச்சம்பிடிக்க நான் எழுதிய கோட் இப்போது எனக்கே புரியவில்லை. பெரிய கேம் செய்யும் எண்ணம் இருந்தால், இதில் மாதிரியை மட்டும் செய்து பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடுவது நல்லது. செலஸ்ட் என்ற கேம் கூட அப்படித்தான்: நான்கு நாளில் பிக்கோ-8இல் செய்தார்கள், முழு கேமாக 2018இல் வேறாக வந்தது.

பிக்கோ-8க்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும், 15 டாலர் அளவில் வரும். அதுவும் வேண்டாம் என்றால் இதே மாதிரியான டிக்-80 இலவசம்.

என் அடுப்பு கேமை பிரவுசரில் ஓடும் எச்டிஎம்எல் ஆக மாற்றி அம்மாவின் போனுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடம் விளையாடிவிட்டு, "ஊதாங்குழலை இப்படியா பிடிப்பாங்க?" என்றார். எட்டு பிக்சலில் அதை எப்படித் திருத்துவது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.