அட்டையில் 'தோடா', துணியில் என்ன? ஊட்டிக் கடைச் சால்வைகள் ஒரு மதிப்பீடு

ஊட்டிக் கடைகளில் 'தோடா சால்வை' என்ற ஒரே பெயரில் மூன்று விதமான சரக்கு கிடைக்கிறது. முதல் வகை, நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பெண்கள் கையால் தைத்தது. அடுத்தது எம்பிராய்டரி மிஷினில் ஓட்டியது. மூன்றாவது, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக அச்சடித்தது. தூரத்தில் தொங்கும்போது மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், அட்டையும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பெயருக்கு உரிமை உள்ளது முதல் வகைக்கு மட்டும். தோடர் பூத்தையல் 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியில் இயங்கும் தொண்டு நிறுவனமான கீஸ்டோன் பவுண்டேஷன், தமிழ்நாடு அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் ஆகியவை சேர்ந்து விண்ணப்பித்து வாங்கியது அது. அதன்பிறகு அட்டையில் இருக்கும் 'தோடா' வெறும் அலங்காரச் சொல் இல்லை, இன்னார் கையால் செய்தது என்ற உறுதிமொழி.

'தோடா' என்ற வடிவம் ஆங்கில எழுத்து வழியாகத் தமிழுக்குத் திரும்பி வந்தது. தமிழில் தோடர், தொதவர் என்று எழுதிவந்திருக்கிறோம். இந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் சொல் வேறு: 'ஓள்'. பொருள், ஆள். நம் 'ஆள்' என்பதும் அதுவும் ஒரே மூலச் சொல்தான், அவர்கள் மொழியில் ஓகாரம் ஏறி 'ஓள்' ஆகியிருக்கிறது. அதே மாதிரி மாற்றம்தான் ஊர்ப்பெயரிலும். நாம் 'மந்து' என்கிற குடியிருப்பை அவர்கள் 'மொத்' என்பார்கள். உதகமண்டலத்தின் பின்பாதியில் 'மண்டலம்' ஆகிக் கிடப்பதும் இந்த மந்துதான். தோடர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அவர்கள் புனிதமாகக் கருதும் 'துட்' மரத்தோடு இணைத்துச் சொல்வது ஒரு விளக்கம். எருமை மேய்ப்பவர்கள் என்பதால், மந்தையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லான 'தொறு'வை நினைப்பவர்களும் உண்டு. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. தோட மொழியில் உரசொலிகளும் ('ஸ்', 'ஃப்' போன்றவை) ஆடொலிகளும் (நா அதிரும் 'ர்' போன்றவை) அதிகம், தமிழ் எழுத்தில் அவற்றைச் சரியாக எழுத முடியாது. ஒரே பெயரை நாலு விதமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே குழப்பம் பொருளின் பெயரிலும் இருக்கிறது. போர்வைக்குப் பெயர் பூத்துக்குளி, அதன்மேல் போடும் தையலுக்குப் பெயர் புகூர். 'சால்வை', 'ஸ்டோல்' எல்லாம் கடைக்காக வந்த பெயர்கள். பூத்துக்குளியை ஆணும் பெண்ணும் போர்த்துவார்கள், இறந்தவர் உடலையும் அதனால் போர்த்துவார்கள். அப்படிப்பட்ட ஒன்றுக்கு அதன் சொந்தப் பெயரைச் சொல்லாமல் விற்பது எங்களுக்கு ஒப்பவில்லை. தையல்காரப் பெண்ணிடமே வாங்கும்போது 'பூத்துக்குளி' என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரிப் போகும்.

சில அட்டைகள் இன்னும் மோசம். 'நீலகிரி பழங்குடி சால்வை', 'படுகர் சால்வை' என்று கலந்து எழுதியிருப்பார்கள். படுகர் வேறு சமூகம், படுகு வேறு மொழி. கன்னடத்தில் 'படக' என்றால் வடக்கு. அந்தப் பெயரை வைத்துத்தான் மைசூர்ச் சீமையிலிருந்து வந்தவர்கள் என்ற கதை சொல்லப்படுகிறது. இந்த மண்ணின் ஆதிக்குடி நாங்கள் என்று அதை மறுக்கும் படுகர்கள் பலர். படுகைக் கன்னடத்தின் வட்டார வழக்கு என்பாரும், தனி மொழி என்பாரும் இருக்கிறார்கள். அரசுப் பட்டியலில் தோடர் பழங்குடி, படுகர் பிற்படுத்தப்பட்டோர். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் படுகர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். இவ்வளவு வழக்கு உள்ள பெயர்களை ஒரு சால்வை அட்டையில் மாற்றி மாற்றிப் போடுவது இரண்டு சமூகத்துக்கும் செய்யும் அநியாயம். இழை எண்ணித் தைக்கும் இந்த வேலை தோடர் பெண்களுடையது.

இனி துணிக்கு வருவோம். தோடர்கள் நெய்வதில்லை, துணி வெளியிலிருந்து வாங்குவது. முரட்டுப் பருத்தி, தளர்ந்த நெசவு, இழை கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியவேண்டும். சட்டம் மாட்டாமல், பென்சில் கோடு போடாமல், இழையை எண்ணி ஊசி ஓட்டுகிறார்கள். நெருக்கி நெய்த பாப்ளின் துணியில் இந்த எண்ணிக்கை நடக்காது. அடித்துணி பாப்ளின் மாதிரி வழவழவென்று இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை, வைத்துவிடலாம். நூல் கம்பளி நூல், சிவப்பும் கறுப்பும்தான் பிரதானம், நீலம் எப்போதாவது. துணியிலேயே நெய்த சிவப்பு, கறுப்புப் பட்டைகள் இருக்கும், பூவேலை அவற்றுக்கு இடையில் அமையும். எருமைக் கொம்பு, சூரியன், நிலா, பாம்பு, முயல் காது ஆகியவை அடிக்கடி வரும் உருவங்கள்.

அடுத்த சோதனை, துணியைத் திருப்பிப் பார்ப்பது. ஊசி பின்பக்கத்திலிருந்து வேலை செய்யும். திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் சின்னக் கண்ணியாக விடுவார்கள். அதனால் ஒரு பக்கம் மழமழப்பாகவும் மறுபக்கம் மேடு தட்டிச் சொரசொரப்பாகவும் இருக்கும். இரண்டு பக்கமும் உடுத்தலாம், ஆனால் அவர்கள் விரும்பி வெளியே காட்டுவது சொரசொரப்புப் பக்கத்தை. மிஷின் வேலையில் பின்பக்கம் அடிநூல் வேறு நிறத்தில், பெரும்பாலும் வெள்ளையில் ஓடும். தாள் மாதிரி ஒட்டுத்துணியும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஊசி இழைக்கு நடுவே போகாமல் இழையைக் குத்தி ஏறியிருக்கும். அச்சுத் துணியில் பின்பக்கம் நிறம் மங்கித் தெரியும், விரலால் தடவினால் மேடே தட்டாது.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரே பூ இரண்டு இடத்தில் வந்திருப்பதை எடுத்து, அது மூடியிருக்கும் அடித்துணி இழைகளை எண்ணுங்கள். கைவேலையில் எண்ணிக்கை ஒத்துவரும், ஆனால் அளவுகோலில் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். நெசவின் நெருக்கம் இடத்துக்கு இடம் மாறுவதால் வருவது அது. குறை என்று நினைத்து விலை குறைக்கச் சொல்லாதீர்கள்.

நூல் கம்பளியா அக்ரிலிக்கா என்று தெரியவேண்டுமானால், தொங்கும் நூல் நுனி ஒரு சென்டிமீட்டர் போதும், கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடை அடித்து, நசுக்கினால் தூளாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகிவிடும். அக்ரிலிக் என்பதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது, கையால் தைத்ததிலும் அந்த நூல் வருகிறது. ஆனால் கம்பளி விலை கொடுக்க வேண்டாம். சாயம் பார்க்க, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையைச் சிவப்பு நூலில் பத்துத் தடவை தேயுங்கள். கைக்குட்டை சிவந்தால், முதல் சலவையிலேயே வெள்ளைப் பகுதி முழுக்க ரோஸ் நிறமாகிவிடும்.

துவைப்பது பச்சைத் தண்ணீரில், கொஞ்சமாக மென்மையான சோப்பு. ஊறவைக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. வெந்நீர் பட்டால் கம்பளி நூல் சுருங்கும், பருத்தி அந்த அளவு சுருங்காது, பூவைச் சுற்றித் துணி சுருக்கம் விழுந்து நிற்கும், அதை இஸ்திரி போட்டும் எடுக்க முடியாது. நிழலில், படுக்கைவாக்கில் காயப்போடுங்கள். இஸ்திரி போட்டால் மேடுள்ள பக்கத்தைக் கீழே, மடித்த துண்டின்மேல் வைத்துத் தேயுங்கள், இல்லாவிட்டால் கண்ணிகள் நசுங்கிவிடும். வளையலில் கண்ணி மாட்டி நூல் வெளியே வந்தால் வெட்டாதீர்கள். முனை மழுங்கிய ஊசியால் பின்பக்கம் இழுத்து விட்டால் போதும்.

கைப்பை, பர்ஸ், மொபைல் உறை மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. தளர்ந்த நெசவுத் துணியை வெட்டினால் ஓரம் பிரியும், உள்துணி வைத்து மடித்துத் தைக்காதவை ஒரு வருடம் தாங்காது. மேசை விரிப்பும் ஸ்டோலும் பரவாயில்லை. முழுப் பூத்துக்குளிதான் கொடுத்த காசுக்கு ஈடான பொருள். வாரக் கணக்கில் ஆகும் வேலை அது, மிஷின் சரக்கை விடப் பல மடங்கு விலை சொன்னால் அது நியாயமே. மிஷின் சால்வை குளிருக்குப் போர்த்த உதவும், வெறும் 'சால்வை' என்ற பெயரில் விற்றால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அச்சுத் துணியைத் 'தோடா' என்ற பெயரில் வாங்கவே வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியது இது: எந்த மந்தில் தைத்தது, தைத்தவரோ விற்பவரோ புவிசார் குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு செய்தவரா? பதில் சொல்ல முடிகிற கடையில் வாங்குங்கள். இல்லையென்றால் தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் மந்துக்கே நடந்து போகலாம். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் வாங்கினால் வீட்டுக்குப் போனதும் பிளாஸ்டிக் உறையை எடுத்துவிடுங்கள். மலை ஈரம் உள்ளே அடைபட்டால் பருத்தியில் பூசணம் பிடிக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.