மனுவா, நமக்கு நாமேயா, ஏரியா சபையா? ஊரணிக்கரைக்கு நாங்கள் தேர்ந்த வழி

காரைக்குடியில் எங்கள் பகுதி ஊரணியைச் சுற்றி நடைபாதை வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும், அதை எப்படி மேலே கொண்டுபோவது என்பதில் மூன்று யோசனைகள் வந்தன. திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பது, நமக்கு நாமே திட்டத்தில் பணம் கட்டுவது, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபையில் வைப்பது. சபையில்தான் வைத்தோம். இன்னொரு வேலை வந்தாலும் அங்கேதான் போவேன்.

தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மனுவே போதும். அதுகூட வேண்டாம், முதல்வர் உதவி மைய எண் 1100-க்குப் போன் போட்டாலே பதிவாகிவிடும்.

நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். செட்டிநாட்டில் இதற்குப் பணம் திரட்டுவது பெரிய பாடில்லை. பூட்டிய வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தாலும் ஊர்க் காரியம் என்றால் அனுப்பிவிடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் பணம் முதலில் வந்துவிட்டால், கொடுத்தவர் கேட்டபடியே வேலை நடக்கும். கரையோரம் வாடகைக்குக் குடியிருப்பவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

மனுவுக்கும் இதே குறை உண்டு. அதில் எதிர்த்தரப்பு கிடையாது. நாம் எழுதுவோம், அதிகாரி படிப்பார். பக்கத்துத் தெருக்காரருக்கு விஷயம் தெரியும்போது ஜல்லி வந்து இறங்கியிருக்கும். என் தேர்வைத் தீர்மானித்தது இதுதான்.

சபையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். நடைபாதைக்கு எல்லோரும் சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தபோது, கீழ்க்கரையில் குடியிருக்கும் ஒரு ஆச்சி எழுந்தார். “டைல்ஸ் போடுங்க தம்பி, வேணாங்கல. ஆனா வரத்துக்கால் அந்த வேப்பமரத்தடியிலதான் உள்ள நுழையுது. அதை மூடிட்டா ஊரணிக்கு எங்கேருந்து தண்ணி வரும்? மழைத்தண்ணி எங்க வீட்டுக்குள்ளதான் வரும்.” எங்களில் பாதிப் பேருக்கு அங்கே வரத்துக்கால், அதாவது ஊரணிக்கு மழைநீர் கொண்டுவரும் வாய்க்கால், இருப்பதே தெரியாது. மண் மேவிப் புல் மண்டிக் கிடந்தது. வந்திருந்த பொறியாளர் கூட்டம் முடிந்ததும் போய்ப் பார்த்தார். மழையை நம்பியே ஊரணி வெட்டிய மண் இது. வரத்து அடைபட்டால் ஊரணி வெறும் பள்ளம். முதலில் வரத்துக்காலைத் தூர்வாருவது, அதன்மேல் சிறு பாலம் வைத்துப் பாதையைக் கொண்டுபோவது என்று தீர்மானம் மாறியது. மனுவாகப் போயிருந்தால் அந்த இடத்தில் கான்கிரீட்தான் விழுந்திருக்கும்.

சபைக்கும் குறைகள் உண்டு. தமிழ்நாட்டு நகரங்களில் ஏரியா சபைகள் கூடத் தொடங்கியதே 2022 நவம்பர் 1-ல்தான். வேலைக்குப் போகிறவர்களால் பெரும்பாலும் வர முடிவதில்லை. சபைக்கென்று தனிப் பணமும் இல்லை, தீர்மானம் கவுன்சிலர்கள் கூடும் மாமன்றத்தைத் தாண்ட வேண்டும். புனே மாநகராட்சி 2006 முதல் வார்டு வேலைகளை மக்களிடமே எழுதி வாங்கி பட்ஜெட்டில் சேர்த்தது. அப்படி ஒரு சிறு தொகையாவது இங்கே வேண்டும் என்பது என் ஆசை.

2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது சங்கராபுரம், அரியக்குடி போன்ற ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் உறுப்பினர், வரவு செலவையே கேட்கலாம் என்ற கிராம சபைப் பழக்கம் அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. அதோடு ஒப்பிட்டால் ஏரியா சபை மெலிந்ததாகத் தெரியலாம். நான் கிராம சபையில் உட்கார்ந்தவன் இல்லை, இரண்டையும் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சபைக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து போகாதீர்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் புதுக் கோரிக்கைக்கு முன்னால் அதைக் காட்டி, என்ன ஆயிற்று என்று கேளுங்கள். எங்கள் வரத்துக்காலுக்கு மதிப்பீடு போட்டாயிற்று, வேலை இன்னும் தொடங்கவில்லை. அடுத்த சபையில் எங்கள் முதல் கேள்வி அதுதான்.